இரண்டாவது இசைத்தட்டு

நேயர்களில் பலருக்குச் சகோதரிகள் இருப்பார்கள். அந்தச் சகோதரிகளுக்குப் பெண்கள் இருப்பார்கள். அந்தப் பெண்களுக்குப் புத்தி சொல்லும் பொறுப்பு என்றாவது ஒரு நாள் மாமன்மார் தலையில் வந்து விடியும். சென்ற மாதம் என் தலையில் விடிந்தது. அந்தப் பொறுப்பை நான் எவ்வளவு அழகாக நிறைவேற்றினேன் என்பதைச் சொல்வதற்காகவே இந்த வாரம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இராஜபாளையத்திலிருந்து என் தங்கை டெலிபோனில் பேசினாள்.

"அண்ணா! உடனே ஒரு நடை வந்துவிட்டுப் போ. குழந்தை இரண்டாவது ஆல்பம் போட்டிருக்கிறாள்" என்றாள்.

ஆல்பம் என்றால் நான் அறிந்தவரையில் கலியாணப் போட்டோக்களை ஒட்டி வைக்கும் தடித்த புத்தகம். ஆகையால், "முதல் ஆல்பத்தில் இடம் நிரம்பிவிட்டதா?" என்று கேட்டேன். தங்கைக்கு வந்த கோபம் டெலிபோன் வழியாகவே என் காதைச் சுட்டது. பிறகுதான் விஷயம் விளங்கிற்று. ஒருவர் பாடிய எட்டுப் பத்துப் பாட்டுகளைச் சேர்த்து ஒரே தொகுதியாக வெளியிட்டால் அதற்கும் ஆல்பம் என்றுதான் பெயர். பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷத்துக்கு மேல் பாட இடம் இராது. ஆகவே, பல தட்டுகளை உறைகளில் செருகிப் புத்தகம்போல் கட்டி விற்றார்கள். அதனால் வந்த பெயர். பிறகு தட்டுப் போய் நாடா வந்தது. நாடாவும் போய், இப்போது சகல சங்கீதமும் சட்டைப் பையிலுள்ள டெலிபோனுக்குள் குடியேறிவிட்டது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

என் மருமகள் பகலில் ஒரு மில் ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். மாலையில் பாட்டுக் கட்டுகிறாள். சினிமாவுக்காக அல்ல, சபாக் கச்சேரிக்காகவும் அல்ல. தானே சொற்களை அமைத்து, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிப் பதிவு செய்து வெளியிடுகிறாள். இந்த வகைச் சங்கீதத்துக்கு 'இண்டி' என்று பெயராம். எவர் தயவும் இல்லாமல் தன் காலில் நிற்கிற சங்கீதம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அவளுடைய ஸ்டூடியோ, வீட்டு மாடியறை. ஜன்னலுக்குத் தலையணைகளை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, மேஜைமேல் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு பாட வேண்டும். நடுவில் மில் சங்கு ஊதிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து பாட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வெளியிட்ட முதல் தொகுதியில் எட்டுப் பாட்டுகள். தேர் இழுப்பதைப் பற்றி ஒன்று. மாம்பழக் காலத்தைப் பற்றி ஒன்று. சஞ்சீவி மலைமேல் மேகம் இறங்குவதைப் பற்றி ஒன்று. பள்ளிக்கூடத்துத் தோழிகள் நாலைந்து பேர் கூடச் சேர்ந்து பாடியிருந்தார்கள். உறவினர் வீடுகளிலெல்லாம் அதுதான் பேச்சு. அவளுடைய தகப்பனார், முன்பின் தெரியாத ரயில் பிரயாணிகளைக்கூட விட்டு வைக்கவில்லை. தம் டெலிபோனை அவர்கள் காதருகில் நீட்டிக் கேட்கச் செய்தார்.

இரண்டாவது தொகுதியில் ஒன்பது பாட்டுகள். தோழிகள் இல்லை, தேர் இல்லை, மாம்பழமும் இல்லை. அவள் மட்டும் பாடுகிறாள். நாலாவது பாட்டுத்தான் வீட்டில் பூகம்பத்தை உண்டாக்கிவிட்டது. சென்ற ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பாடச் சொன்னார்கள், பாடினாள். பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றவர்கள் எழுதவில்லை. நாலாவது பாட்டு அந்தச் சாயங்காலத்தைப் பற்றியது.

"வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வருவதா? இனிமேல் இந்தப் பெண்ணைக் கேட்டு யார் வருவார்கள்? நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர், நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார் மாப்பிள்ளை. தை முதல் தேதி வெளியிடுவதாக அவள் தீர்மானம். அதற்கு முன் அவள் மனத்தை மாற்றி, அந்த ஒன்பது பாட்டுகளையும் மூட்டை கட்டி வைக்கச் செய்ய வேண்டும். இதுதான் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட திருப்பணி.

"மாமா! இங்கே வேண்டாம். செண்பகத்தோப்புக்குப் போய்ப் பேசலாம்" என்றாள் மருமகள்.

*

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், பதினொரு நிலையும் 192 அடி உயரமும் உள்ள வடபத்ரசாயி கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு மேற்கே திரும்பினோம். சில மைல் தூரம் போனால் வயல்களும் தோப்புகளும் விலகி மேற்குத் தொடர்ச்சி மலை முன்னால் வந்து நிற்கும். அந்த அடிவாரந்தான் செண்பகத்தோப்பு. மேலே காட்டுக்குள் காட்டழகர் கோயில் இருக்கிறது. 1988-ல் இந்த மலைப் பகுதியை நரை அணில்களின் சரணாலயமாக ஏற்படுத்தினார்கள். அந்த அணில், நம் வீட்டுக் கூரையில் ஓடுகிற அணிலுக்குப் பெரிய தாத்தா. பூனையளவு உடம்பும் அதற்கு மேல் வாலும் உடையது. மரத்துக்கு மரம் தாவியே காலந் தள்ளும். 2021-ல் மேகமலையையும் சேர்த்து இதைப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கியிருக்கிறார்கள்.

சோதனைச் சாவடியில் இருந்த வனக் காவலர், "யானை நடமாட்டம் இருக்கிறது; உள்ளே போக வேண்டாம்" என்று எச்சரித்தார். நான் உள்ளே போகும் உத்தேசம் கொண்டவனே அல்ல. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து தயாரித்துக்கொண்டு வந்திருந்த நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"அம்மா! முதல் தொகுதியை எல்லாரும் ரசித்தார்கள் அல்லவா? அதைப்போலவே இன்னொன்று செய்வதற்கென்ன? தேர் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, மழை இருக்கிறது. ஊரார் கேட்க விரும்புவதைப் பாடுகிறவர்களுக்கு ஒரு நாளும் குறைவில்லை."

"முதல் தொகுதியில் ஊர் பாடிற்று, மாமா. நான் அதற்கு வாய் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

பிறகு டெலிபோனை எடுத்து ஒருவர் பாடுவதைக் கேட்கச் செய்தாள். சித் ஸ்ரீராம் என்று பெயர். நேயர்களில் இளைஞர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதியவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னையில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர், தாயாரிடம் கர்நாடக சங்கீதம் கற்றவர், 2013-ல் வெளிவந்த 'கடல்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் பாடிப் பெயர் பெற்றவர். சினிமாவில் அவ்வளவு புகழ் இருந்தும், சினிமாவுக்கு வெளியே தம் சொந்தப் பாட்டுகளைத் தொகுதியாக வெளியிட ஆரம்பித்தார். 2019-ல் வந்த முதல் தொகுதிக்கு 'என்ட்ரோபி' என்று ஒரு விஞ்ஞானப் பெயர் வைத்தார். 2023-ல் வந்த இரண்டாவது தொகுதிக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'சித்தார்த்'. அதாவது, தம்முடைய சொந்தப் பெயர், குறுக்காமல், முழுவதும்.

"முதலாவதில் வைக்காத பெயரை இரண்டாவதில் வைத்தார், பார்த்தீர்களா?" என்றாள் மருமகள்.

அதோடு விடவில்லை. 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பாடகர் பாப் டிலனையும் துணைக்கு அழைத்தாள். 1962-ல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியில் 13 பாட்டுகள். அவற்றில் இரண்டே இரண்டுதான் அவர் இயற்றியவை. மற்றவை பிறர் பாடி வந்த பழம் பாட்டுகள். 1963-ல் வந்த இரண்டாவது தொகுதியிலும் 13 பாட்டுகள். ஆனால் பதினொன்று அவருடையவை. டிலன் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை உலகம் தெரிந்துகொண்டது இரண்டாவதற்குப் பிறகுதான்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டாயிற்று. வாதத்தில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் பெரியவர்களுக்கு உண்டாகுமே, அந்த எரிச்சல்.

"அமெரிக்காவின் சமாசாரம் நமக்கு எதற்கு? நம் ஊரில், நம் குடும்பங்களில், எந்தப் பெண் இப்படித் தன் மனத்தில் உள்ளதையெல்லாம் ஊரறியப் பாட்டாகப் பாடினாள்? ஒருத்தியைக் காட்டு, பார்க்கலாம்" என்றேன்.

மருமகள் ஒன்றும் பேசாமல் கிழக்கே கையைக் காட்டினாள். அந்தத் திசையில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருந்தது.

*

திருப்பாவை முப்பதும் எனக்கு மனப்பாடம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மார்கழி மாதத்து விடியற்காலத்தில் போர்வைக்குள்ளிருந்து என்னை இழுத்து வெளியே போட்ட என் தாயாருக்குச் சேர வேண்டிய பெருமை அது. நம்மில் பலருக்கும் அப்படித்தான். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் முதற் பாட்டுக்கு நாட்டை, இரண்டாவதற்குக் கௌளை, மூன்றாவதற்கு ஆரபி என்று ராகங்களை அமைத்துக் கொடுத்தார். எம். எல். வசந்தகுமாரியின் குரலில் அவை இசைத்தட்டாகி வீடு வீடாகப் புகுந்தன. திருமலையில் மார்கழி முழுவதும் சுப்ரபாதம் நின்று திருப்பாவை ஒலிக்கிறது. கடல் கடந்து பாங்காக் நகரத்து அரண்மனைப் பிராமணர்கள் வருஷந்தோறும் நடத்தும் சடங்குக்குத் 'திரியம்பாவை-திரிபாவை' என்று பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையும் சயாமில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கின்றன. கோதை என்ற பெண்ணின் முதல் தொகுதி இவ்வளவு தூரம் பிரயாணம் செய்திருக்கிறது.

இரண்டாவது தொகுதி?

நாச்சியார் திருமொழி என்று அதற்குப் பெயர். பதினான்கு பதிகங்கள், 143 பாசுரங்கள். அளவில் முதலாவதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இரண்டும் நாலாயிரத்தில் முதலாயிரத்திலேயே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. திருப்பாவையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் அது இருக்கும். நான் திருப்பியதில்லை. கலியாண வீடுகளில் தேங்காய் உருட்டும்போது பாடுகிற வாரணமாயிரம் மட்டும் தெரியும். அது அந்தத் தொகுதியில் ஆறாவது பதிகம் என்பதுகூடச் செண்பகத்தோப்பில் மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

பெரியாழ்வாரின் நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தை, பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்த பெண் என்ற கதையை எல்லாரும் அறிவார்கள். விஜயநகரச் சக்கரவர்த்தி கிருஷ்ணதேவராயரே தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்ற காவியமாக அதைப் பாடியிருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைந்த இராஜபாளையத்துக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. திருப்பாவையில் சொல்லியிருக்கும் வெள்ளி, வியாழன் கிரகங்களின் நிலையைக் கொண்டு கணக்கிட்டு மு. இராகவையங்கார் அதன் காலம் 731 என்றார். பின்னால் தள்ளுகிறவர்களும் உண்டு. எப்படியும் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன.

திருப்பாவையில் பெண்கள் கூட்டமாகப் போகிறார்கள். எழுப்புவதும் நீராடுவதும் கேட்பதும் எல்லாம் நாங்கள், நாங்கள் என்றே நடக்கின்றன. ஆகவேதான் அதை எவரும் பாடலாம். கிழவனும் குழந்தையும் ஒன்றாகப் பாடலாம். இரண்டாவது தொகுதியிலோ கூட்டம் கொஞ்சங் கொஞ்சமாகக் கலைந்து போகிறது. இரண்டாம் பதிகத்தில் சிறு பெண்கள் மணலில் வீடு கட்டி, அதைக் கலைக்க வேண்டாமென்று கண்ணனைக் கெஞ்சுகிறார்கள். மூன்றாம் பதிகத்தில் குளக்கரையில் வைத்த ஆடைகளைத் திருப்பிக் கேட்கிறார்கள். அது வரையில் தோழிகள் கூட இருக்கிறார்கள். பிறகு அவள் தனியாகக் கூடல் இழைத்துக் குறி பார்க்கிறாள். குயிலை அழைத்து, அவன் வரும்படி கூவச் சொல்கிறாள். சங்கை அழைத்து, அவன் வாய்ச் சுவை எப்படியென்று விசாரிக்கிறாள். வேங்கட மலைக்குப் போகும் மேகங்களிடம் செய்தி சொல்லி அனுப்புகிறாள். கை வளை கழலுகிறது என்று அரங்கனிடம் முறையிடுகிறாள். குயிலைப் பற்றிய பதிகத்தில், தேன் சிந்தும் செண்பக மலரை அலகால் கொத்திக்கொண்டு அந்தப் பறவை மகிழ்ந்து பாடுவதாக ஒரிடத்தில் வருகிறது. செண்பகத்தோப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது, நல்ல வேளையாக எந்தக் குயிலும் கூவவில்லை. கூவியிருந்தால், நான் கட்டுக்கதை எழுதுவதாக நேயர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"பன்னிரண்டாம் பதிகத்தைப் பாருங்கள், மாமா" என்றாள் மருமகள்.

பார்த்தேன். தகப்பனும் தாயும் சுற்றத்தாரும் இருக்கும்போது இந்தப் பெண் தன்னந்தனியே தன் போக்கில் போய்விட்டாள் என்று ஊரார் பேசத் தொடங்கிவிட்டால் அந்தப் பழியைத் துடைக்க முடியாது. அதற்கு முன் என்னை ஆய்ப்பாடியில் கொண்டு போய் விட்டுவிடுங்கள் என்கிறாள் கோதை. எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை என்னிடம் சொல்லியனுப்பிய நியாயம் வேறென்ன? ஊர் என்ன சொல்லும் என்பதுதானே? அந்த நியாயத்தை அந்தப் பெண்ணே அறிந்திருந்தாள். அதையும் எடுத்துப் பாட்டில் வைத்துவிட்டாள்!

ஆண்டாள் என்று ஒருத்தி இருந்ததே இல்லை, பெரியாழ்வார்தான் பெண்ணின் குரலில் பாடினார் என்று சொல்கிறவர்கள் உண்டு. திருப்பாவையை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பதில் சொல்வது சிரமம். கூட்டத்தின் குரலில் யார் வேண்டுமானாலும் பாடலாம். நாச்சியார் திருமொழியின் பத்தாம் பதிகம் எப்படி முடிகிறதென்று பாருங்கள். தோழியிடம் பேசுகிறாள்: பெரிய இடத்துப் பெருமாள் நம்மைப்போன்ற எளியவர்களுக்கு எங்கே அகப்படப் போகிறார்? வில்லிபுத்தூர் விஷ்ணுசித்தர் தம்முடைய தேவரைத் தமக்குத் தெரிந்த வழியில் வரவழைத்தாரானால், அப்போது பார்த்துக்கொள்வோம்! தகப்பனாரிடம் அளவற்ற நம்பிக்கையும், அந்த நம்பிக்கைக்குள்ளேயே சிறிது குறும்பும் கலந்த இந்தப் பேச்சை எந்தத் தகப்பனாராவது தாமே எழுதிக்கொள்வாரா? பெற்று வளர்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பதிகங்களில் சிலவற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பெரியவர்கள் தயங்குவார்கள் என்பது வாஸ்தவம். தன்னை ஒரு மனிதனுக்கு மணம் பேசினால் உயிரை வைத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று முதல் பதிகத்திலேயே சொல்லிவிடுகிறாள். உடம்பைப் பற்றியும் ஒளிக்காமல் பாடுகிறாள். ஆனால், ஒவ்வொரு பதிகத்தின் முடிவிலும் அநேகமாக ஊரையோ தகப்பனார் பெயரையோ தன் பெயரையோ சேர்த்து முத்திரை வைக்கிறாள். மறைந்துகொண்டு பாடுகிறவள் அல்ல அவள்.

*

இவ்வளவையும் கேட்ட பிறகு என்னிடம் ஒரே ஓர் அஸ்திரந்தான் மிச்சமிருந்தது. அதையும் விட்டேன்.

"எல்லாம் சரி, அம்மா. ஆனால், அந்த இரண்டாவது தொகுதியைக் கேட்டவர் யார்? ஊரெல்லாம் முதலாவதைத்தானே பாடுகிறது? உனக்கும் அந்தக் கதிதானே நேரும்?"

"ஒருவர் கேட்டிருக்கிறாரே, மாமா! மறந்துவிட்டீர்களா?" என்றாள்.

ஒன்பதாம் பதிகத்தில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக வாயால் நேர்ந்துகொள்கிறாள் கோதை. நேர்ந்துகொண்டாளேயொழிய, படைத்தாள் என்று பாட்டில் இல்லை. சில நூற்றாண்டுகள் கழிந்தன. பிறகு இராமானுஜர் வந்தார். முதல் தொகுதியில் அவருக்கிருந்த ஈடுபாட்டினால் அவருக்குத் 'திருப்பாவை ஜீயர்' என்றே பெயர். ஆனால், அவர் பக்கத்தைத் திருப்பியவர். இந்த நேர்த்தியைப் படித்தபோது, ஒரு பெண் பட்ட கடன் இன்னும் தீராமல் நிற்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. அழகர்கோயிலுக்குப் போய் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பித்தார். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சந்நிதியில் நின்றபோது, ஆண்டாள் அவரைத் தன் அண்ணனாக ஏற்றுக்கொண்டாள் என்பது சம்பிரதாயத்தில் வழங்கும் வரலாறு. 'கோயில் அண்ணன்' என்று அவருக்குப் பெயர் வந்த காரணம் இது. 

இந்தக் கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்திக்கு உதாரணமாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்று அந்த மரத்தடியில் வேறு விதமாகத் தோன்றிற்று. திருப்பாவையைக் கேட்டவர்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். நாச்சியார் திருமொழியைக் கேட்ட ஒருவர் எழுந்து போய் அவளுடைய கடனைத் தீர்த்தார். முதல் தொகுதிக்குக் கூட்டம் வேண்டும். இரண்டாவதற்கு அப்படி ஓர் அண்ணன் வாய்த்தால் போதும். தாமதமாக வந்தாலும் பாதகமில்லை.

"அண்ணா! உடனே வா" என்று என் தங்கை டெலிபோனில் கூப்பிட்டது நினைவு வந்தது. எதற்காகக் கூப்பிட்டாள், நான் எதற்காகப் புறப்பட்டு வந்தேன் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். எழுந்து வேட்டியிலிருந்த சருகைத் தட்டிக்கொண்டு, "போகலாம், அம்மா" என்றேன்.

*

இராத்திரி சாப்பாடான பிறகு மாப்பிள்ளை ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார்.

"புத்தி சொல்லத்தான் போனேன். வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் அந்த ஒன்பது பாட்டையும் முழுவதும் கேட்டீர்களா?" என்று கேட்டேன்.

கேட்கவில்லை என்பது தெரிந்தது. நாலாவது பாட்டின் பாதியிலேயே நிறுத்திவிட்டாராம். கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மருமகள் டெலிபோனைத் தரையில் வைத்துவிட்டுத் தூண் மறைவில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதல் மூன்று பாட்டுகள் போயின. நாலாவது வந்தது. வந்தவர்கள் பாடச் சொன்னதும், அவள் பாடியதும், காப்பி டம்ளர்கள் காலியானதும், வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும் சத்தமும் அந்தப் பாட்டில் இருந்தன. யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. அழவும் இல்லை. அவ்வளவு அமைதியாக அதை அவள் பாடியிருந்ததுதான் கேட்கச் சகிக்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்து திண்ணைக்குப் போனார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஒன்பதாவது பாட்டு முடிகிற சமயத்தில் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார்.

"அன்றைக்கு அவர்கள் உன்னைப் பாடச் சொல்லவே இல்லையே, அம்மா" என்றார். "நான்தானே சொன்னேன். நல்ல குரல் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். பாட்டில் அதை மாற்றிவிட்டாயே?"

"தெரியும், அப்பா. வேண்டுமென்றுதான் மாற்றினேன்" என்றாள் தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த ஏழாவது பாட்டில் மழைச் சத்தம் கேட்கிறதே, நம் வீட்டு மழைதானா?" என்று விசாரித்தார். நம் வீட்டு மழைதான் என்று தெரிந்ததும், "அதை இன்னொரு முறை வை" என்றார்.

தை முதல் தேதியன்று வெளியிடுகிறாள். ஏன் அந்தத் தேதி என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை நேயர்களுக்குச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மார்கழி முப்பது நாளும் நாம் விடியற்காலையில் எழுந்து நாளுக்கொன்றாக முப்பது பாட்டையும் பாடுகிறோம். தை பிறந்ததும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்து அடுத்த மார்கழி வரையில் தூங்கப் போய்விடுகிறோம். நாச்சியார் திருமொழியின் முதற் பாசுரத்தின் முதற் சொல்லே தை மாதத்தைப் பற்றியதுதான். நாம் எழுந்து போகிற இடத்தில் அவள் ஆரம்பிக்கிறாள்.

இந்த வருஷம் புத்தகத்தை மூடுவதற்கு முன்னால் இன்னும் ஒரு பக்கம் திருப்பிப் பாருங்கள். நானும் திருப்புவதாக இருக்கிறேன்.